ஸ்கோனின் குதிரையும் சேலத்துக் கொள்ளும்

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி என்று சேலத்திலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் மலையேறுவார்கள். அதே மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஹன்டர் ஆற்றின் மேல்பகுதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஸ்கோன் என்ற ஊரில் குதிரைத் திருவிழா நடக்கிறது. மக்கள்தொகை 5,000 சொச்சம். நம் ஓமலூர்ப் பக்கத்தில் அதைவிடப் பெரிய கிராமங்கள் உண்டு. ஆனாலும் அந்த ஊர் தன்னை 'ஆஸ்திரேலியாவின் குதிரைத் தலைநகர்' என்று அழைத்துக்கொள்கிறது. தெருவில் ஊர்வலம் போகிறது, பந்தயங்கள் நடக்கின்றன. ஊர்ப் பூங்காவில் ஒரு தாய்க் குதிரையும் குட்டியும் வெண்கலத்தில் நிற்கின்றன. நாம் ஊர் எல்லையில் முனியப்பனுக்குச் சுதைக் குதிரை நிறுத்துகிறோமே, ஏறக்குறைய அந்த மரியாதை.

என் தாத்தா சேலம் ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். லீ பஜாரில் கொள்ளு வாங்கி வந்து, இரவு ஊறவைத்து, விடியற்காலையில் தன் மட்டக் குதிரைக்கு வைப்பார். "நல்ல குதிரை நம் மண்ணில் பிறக்காதடா, வெளியிலிருந்து வரத்தான் வேண்டும்" என்பது அவருடைய வழக்கமான பேச்சு. வண்டி இழுக்க மறுக்கும் குதிரையை வைத்துக்கொண்டு ஒருவர் புலம்புவதாகத்தான் அப்போது எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு பெரிய கேள்வி இருந்தது. ஒரு பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வெற்றிக் குதிரைகள் பிறக்கின்றன. இன்னோர் ஊரில் பொன் கொடுத்து வாங்கி வந்த குதிரையும் நலிந்துபோகிறது. எதனால்? தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்தை வளர்ப்பதில் அமெரிக்காவின் கென்டக்கி, இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படும் இடம் இந்த மேல் ஹன்டர். அங்கே விழா எடுப்பது குதிரைக்கு. அந்தக் குதிரைக்குப் பின்னால் இருக்கும் மண்ணையும் தாயையும் பேரேட்டையும் விழாவில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஸ்கோனுக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர், 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் குதிரைப்படைக்காக ஒரு பண்ணை தொடங்கியது. வெளியிலிருந்து வரும் இளங்குதிரைகளைக் கொஞ்ச காலம் மேயவிட்டு, பழக்கி, படைப்பிரிவுகளுக்கு அனுப்புவது அதன் வேலை. 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த நிலம்தான் இன்று அரசுக் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. அரேபியக் குதிரை விலை அதிகம், நாட்டுக் குதிரை உயரம் போதாது என்று படை அதிகாரிகள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. 1834 வாக்கில் வரையப்பட்ட ஓர் ஓவியத்தில், கட்டுமரங்களும் மசூலாப் படகுகளும் சூழ்ந்திருக்க, ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னைக் கரையில் இறங்குகின்றன. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது; அலையைத் தாண்டித்தான் கரைசேர வேண்டும்.

இந்தக் குதிரைகளுக்கு இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'வேலர்'. நம் காதுக்கு முருகன் கோயில் பூசாரியைக் கூப்பிடுவது போல இருக்கும். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்தது என்பதுதான் பொருள். தரோபிரெட், அரேபியம், வண்டிக் குதிரை எல்லாம் கலந்த, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கலப்பு அது. பல நாள் தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். முதல் உலகப் போருக்கு 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை ஆஸ்திரேலியா வெளிநாடுகளுக்கு அனுப்பியது. போர் முடிந்து ஊர் திரும்பியது ஒன்றே ஒன்று. ஒரு தளபதியின் குதிரை, பெயர் சாண்டி. மற்றவற்றில் சாகாமல் மிஞ்சியவை விற்கப்பட்டன, சுடப்பட்டன, படைகளுக்கு மாற்றப்பட்டன. ஸ்கோன் போன்ற ஊர்களின் குதிரைப் பெருமைக்கு அடியில் இந்தக் கணக்கும் கிடக்கிறது.

படைக்குக் குதிரை தேவைப்படாத காலம் வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. பந்தயம் மட்டும் நிலைத்தது. பள்ளத்தாக்கு முழுவதுமாகப் பந்தயக் குதிரைக்குத் திரும்பியது.

மண்ணுக்கு வருவோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசாண்ட ஐந்து சகோதரர்களும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கினார்கள் என்கிறார். அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து பொன் கொடுத்து இறக்கியவை. ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாது. வைத்தியம் தெரிந்தவர் இல்லை, தீனி சரியில்லை, சோற்றைப் போட்டு வளர்க்கிறார்கள் என்று குறைசொல்லிவிட்டு, இன்னொன்றையும் சேர்க்கிறார்: உயர்ந்த பொலிகுதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணிய, ஏறிச் செல்ல உதவாத நோஞ்சானாக இருக்கிறது. வணிகர்களிடம் கேட்டு எழுதிய மிகைப்பேச்சு இதில் நிறையவே இருக்கும். ஆனால் கால் கோணிய குட்டி என்ற விவரம் மட்டும் என்னை விடவில்லை.

காரணம் புல்லாக இருக்கலாம். கொங்கு நாட்டின் மேய்ச்சல் நிலங்களில், சேலத்து மானாவாரிக் காடுகள் உட்பட, பேர்பெற்றது கொழுக்கட்டைப் புல். வறட்சி தாங்கும்; மழை ஒன்று பெய்தால் போதும், தழைத்துவிடும். காங்கேயம் காளையும் மேச்சேரி ஆடும் இதைத் தின்றுதான் பெயர் வாங்கின. ஆனால் இந்தப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். மாடும் ஆடும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த இரைப்பை கிடையாது. ஆக்சலேட் புல்லிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வழியே வெளியே போய்விடும். உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். முகத்து எலும்பு வீங்கும், மூட்டு நோகும், குதிரை நொண்டும். ஆஸ்திரேலியாவின் வெப்பமான குயின்ஸ்லாந்துப் பகுதியிலும் இதே கொழுக்கட்டைப் புல் பரப்பப்பட்டிருக்கிறது. அங்கே குதிரைகளுக்கு வரும் இந்த நோயைப் 'பெருந்தலை' என்கிறார்கள். தவிடும் தானியமும் மிகுந்தால் பாஸ்பரஸ் கூடி இதே கேடு வரும். அப்படியென்றால் பாண்டியரின் குதிரைகளுக்கு மேய்ச்சலிலும் அடி, தொட்டியிலும் அடி. தாத்தாவின் கொள்ளு மட்டும் தப்பு செய்யவில்லை என்று நினைக்கிறேன். புரதம் கொடுக்கும் பயறு அது. ஆங்கிலத்தில் அதன் பெயரே குதிரைப் பயறு என்றுதான் வரும். நாம்தான் அதில் ரசம் வைத்து இளைக்கப் பார்க்கிறோம்.

மேல் ஹன்டரில் நிலைமை வேறு. எரிமலைப் பாறை கரைந்து வந்த கறுப்பு வண்டல், சில பள்ளத்தாக்குகளில் சுண்ணாம்புக்கல், நடுங்கவைக்காத குளிர்காலம், ஆற்றோரச் சமவெளிகளில் லூசர்ன். லூசர்னுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? குதிரைமசால். கால்சியம் நிறைந்த அந்தத் தீவனத்துக்குக் குதிரையின் பெயரை வைத்துவிட்டு, கறவை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். எலும்பு முற்றாத ஒரு வயதுக் குட்டி மேடுபள்ளத்தில் ஓடி ஓடிக் காலை உறுதியாக்கிக்கொள்ள அங்கே சரிவு நிலமும் உண்டு. கென்டக்கியிலும் அடிப்படை இதுவே: பழம்பெரும் சுண்ணாம்புப் பாறை, அதில் பாஸ்பரஸ், மேலே நீலப்புல்.

மண் மட்டுமே போதுமென்றால் உலகில் சுண்ணாம்புக்கல் இருக்கும் ஊரெல்லாம் குதிரை ஊராகியிருக்கும். நம் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல் உண்டு, சிமென்ட்தான் வருகிறது. ஓர் இடத்தில் நான்கு பண்ணை வெற்றிபெற்றால் லாடம் அடிப்பவரும், குதிரை மருத்துவரும், வைக்கோல் வியாபாரியும் அங்கே குடியேறுகிறார்கள். பெட்டைக் குதிரையை வைத்திருப்பவர் பொலிகுதிரை இருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும். ஐந்தாவது பண்ணையும் அங்கேயே தொடங்கும். வெள்ளிக் கொலுசு என்றால் செவ்வாய்ப்பேட்டை என்று ஆனது போலத்தான்.

இனி, விழாவின் நாயகனான பொலிகுதிரை. மேல் ஹன்டரில் பண்ணையைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது அங்கே நிற்கும் பொலிகுதிரையின் பெயர். இதற்குப் பின்னால் எளிய எண்கணிதம் இருக்கிறது. பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிதான். பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் 150 பெட்டைகளைச் சேரும், சிலவற்றுக்கு 200. ஆகவே ஒரு பொலிகுதிரை நல்லதா என்பது மூன்று நான்கு ஆண்டில் தெரிந்துவிடும், பெட்டையின் தரம் தெரிய அதன் ஆயுளில் பாதி கழிந்துவிடும்.

ஹன்டரின் புகழுக்கு அடிக்கல் நாட்டியது ஸ்டார் கிங்டம். அயர்லாந்தில் 1946-இல் பிறந்த குதிரை, உருவத்தில் சிறியது. 1951-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, ஹன்டரின் கிளைப் பள்ளத்தாக்கான விடனில், பரமுல் பண்ணையில் நின்றது. சிட்னியில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான 1,200 மீட்டர் பந்தயம் கோல்டன் ஸ்லிப்பர் 1957-இல் தொடங்கியது. முதல் ஆண்டு வென்றது டாட்மன். அடுத்து ஸ்கைலைன், ஃபைன் அண்ட் டேண்டி, ஸ்கை ஹை, மேஜிக் நைட். ஐந்து ஆண்டு, ஐந்து வெற்றி, ஐந்துக்கும் தகப்பன் ஸ்டார் கிங்டம். ஆஸ்திரேலியக் குதிரை என்றால் இளம் வயதில் வேகம் என்ற எண்ணமே அதற்குப் பிறகு உறுதிப்பட்டது. பண்ணைக்காரர்களும் அந்த வேகத்துக்கே பொலிபோட்டார்கள்.

அடுத்தது டேன்ஹில். கென்டக்கியில் 1986-இல் பிறந்தது, ஐரோப்பாவில் ஓடியது. 1990-இல் ஹன்டரின் ஏரோஃபீல்டு பண்ணைக்கு வந்தது. வந்து தங்கவில்லை என்பதுதான் செய்தி. வடபுலத்தில் பொலிபருவம் பிப்ரவரி முதல் ஜூன்வரை. தென்புலத்தில் செப்டம்பர் முதல் டிசம்பர்வரை. பாதி ஆண்டு அயர்லாந்து, பாதி ஆண்டு ஆஸ்திரேலியா என்று விமானத்தில் ஏற்றி இறக்கினார்கள். இப்படிப் போய் வந்த முதல் குதிரை இதுவல்ல, ஆனால் இதற்குக் கிடைத்த வெற்றிதான் அதை வழக்கமாக்கியது. ஒன்பது முறை ஆஸ்திரேலியாவின் முதல்நிலைப் பொலிகுதிரை. 2003-இல் அயர்லாந்துப் பண்ணையில் ஒரு விபத்தில் இறந்தது. அதன் மகன்கள் ரிடூட்ஸ் சாய்ஸ், ஃபாஸ்ட்நெட் ராக், எக்ஸீட் அண்ட் எக்செல். ரிடூட்ஸ் சாய்ஸின் மகன் ஸ்னிட்ஸல், தொடர்ந்து நான்கு பருவம் முதலிடம். இன்று அங்கே ஒரு பெட்டைக்கு டேன்ஹில் ரத்தம் கலக்காத துணை தேடுவது, ஒரே ஊரில் ஒரே பங்காளிக் கூட்டத்துக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் தேடுகிற கதையாக இருக்கிறது.

விமானத்தில் குதிரை மட்டும் வருவதில்லை. 2007 ஆகஸ்டில் ஜப்பானிலிருந்து திரும்பிய பொலிகுதிரைகளோடு குதிரைக் காய்ச்சல் கிருமியும் வந்தது. அதுவரை ஆஸ்திரேலியா அறியாத நோய். தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டிப் பரவியது. குதிரைகளை இடம்விட்டு இடம் கொண்டுபோகத் தடை, பந்தயங்கள் நின்றன, பொலிபருவம் தொடங்கும் நேரத்தில் பள்ளத்தாக்கு முடங்கியது. விசாரணைக் குழு அமைந்து விதிகள் இறுகின. பிற்பாடு நம் எல்லோருக்கும் பழகிப்போன ஊரடங்கைக் குதிரைகள் பன்னிரண்டு ஆண்டு முன்பே பார்த்துவிட்டன.

இவ்வளவு சிரமம் எதற்கு, மாட்டுக்குச் செய்வது போலச் சினை ஊசி போட்டால் ஆகாதா? ஆகாது. தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டி பதிவேட்டில் ஏறாது, பந்தயத்தில் ஓட முடியாது. உலகம் முழுவதும் இதே விதி. ஆஸ்திரேலியாவில் ஒருவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்து 2012-இல் தோற்றார். விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது இனத்தின் தூய்மை. ஊசியை அனுமதித்தால் ஒரு குதிரையின் விந்து ஆயிரம் பெட்டைக்குப் போகும், விலை சரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டை பக்குவத்தில் இருக்கிறதா என்று பார்க்க முதலில் வேறொரு சாதாரண ஆண் குதிரையைக் கொண்டுவருவார்கள். அது கனைக்கும், மோந்து பார்க்கும், சில சமயம் உதை வாங்கும். பெட்டை இணங்குவது தெரிந்ததும் இதை இழுத்துக்கொண்டு போய்விட்டு விலையுயர்ந்த பொலிகுதிரையை அழைத்து வருவார்கள். விழா எடுப்பவர்கள் இந்த ஏமாளிக்கும் ஒரு சிலை வைத்தால் குறையொன்றும் இல்லை.

தென்புலத்தில் எல்லாத் தரோபிரெட்டுக்கும் பிறந்தநாள் ஆகஸ்ட் 1. எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும் அன்றைக்கு ஒரு வயது கூடும். நம் ஊர்ப் பள்ளிகளில் தலைமையாசிரியர் ஒரு வகுப்புக்கே ஜூன் மாதத்தைப் பிறந்த மாதமாக எழுதிக்கொண்ட காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 31-இல் பிறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது; தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவற்றோடு ஓட வேண்டும். எனவே ஆகஸ்டுக்குப் பிறகு, ஆனால் கூடியவரை சீக்கிரம் பிறக்க வேண்டும். பெட்டைகள் பகல் நீளும்போதுதான் பருவத்துக்கு வரும் என்பதால், குளிர்காலத்திலேயே லாயத்தில் விளக்கைப் போட்டு நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டி ஏமாற்றுகிறார்கள். நம் பக்கம் செவ்வந்தித் தோட்டத்தில் இரவில் பல்பு எரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

பணம் எவ்வளவு புரள்கிறது என்பதற்கு ஐ ஆம் இன்வின்சிபிள் என்ற குதிரையைச் சொல்லலாம். குட்டியாக 62,500 ஆஸ்திரேலிய டாலருக்கு விலைபோனது. பந்தயத்தில் சுமார் ரகம். மேல்தட்டு வெற்றி ஒன்றும் இல்லை. 2010-இல் ஸ்கோனுக்கு அருகே யாரமன் பார்க் பண்ணையில் ஒரு சேர்க்கைக்கு 11,000 டாலர் கட்டணத்தில் நின்றது. குட்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு கட்டணம் ஏறி ஏறி 2023-இல் 3 லட்சம் டாலரைத் தாண்டியது. 150 பெட்டை என்றால் காகிதக் கணக்கில் ஒரு பருவத்துக்கு 4.5 கோடி டாலர். எதிர்க் கதையும் உண்டு. கென்டக்கியில் 1983-இல் ஸ்நாஃபி டான்சர் என்ற குட்டி 1.02 கோடி அமெரிக்க டாலருக்கு ஏலம்போனது. அது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. சரி, பொலிக்காவது ஆகும் என்று நிறுத்தினால் அதற்கும் வக்கில்லை. குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். ஏலக்காரர்களின் குணமறிந்து எதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறான் என்று தெரியவில்லை.

இப்போது பெட்டைகளுக்கு வருகிறேன். என் மனச்சாய்வு இந்தப் பக்கம்தான்.

ஸ்கோனில் மே மாதம் ஓடும் பந்தயங்களில் ஒன்றின் பெயர் டார்க் ஜூவல். பெட்டைகள் மட்டுமே ஓடும் பந்தயம். டார்க் ஜூவல் அங்கே கியா ஓரா பண்ணையில் இருந்த ஒரு தாய்க் குதிரை. அதன் குட்டிகளில் ஒன்று பாகெட். 1970-இல் கோல்டன் ஸ்லிப்பரோடு சேர்த்து இரண்டு வயதுக் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் குதிரை. பாகெட்டின் தகப்பன் ஸ்டார் கிங்டம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பொலியோடு சேர்த்தபோதும் டார்க் ஜூவல் வெற்றிக் குட்டிகளைத் தந்தது, வேறொன்றோடு சேர்த்தபோதும் தந்தது. மாறாமல் இருந்தது தாய்தான்.

வின்க்ஸைத் தெரியாத ஆஸ்திரேலியர் இருக்க முடியாது. 2011 செப்டம்பரில் ஹன்டரின் ஜெர்ரிஸ் ப்ளெயின்ஸ் பகுதியில் பிறந்த பெட்டை. 2013-இல் ஏலத்தில் 2,30,000 டாலர், பெரிய விலையில்லை. 43 முறை ஓடி 37 வெற்றி, அதில் கடைசி 33 தொடர்ச்சியாக. காக்ஸ் பிளேட் என்ற பெரும் பந்தயம் 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டும் அதற்கே. பின்னாலிருந்து வந்து கடைசி 400 மீட்டரில் மற்றவற்றை விழுங்குவது அதன் பாணி. தகப்பன் ஸ்ட்ரீட் க்ரை உலகம் சுற்றிய பொலிகுதிரை. தாய் வேகஸ் ஷோகேர்ல் நியூசிலாந்தில் பிறந்தது. ஓய்வுபெற்ற வின்க்ஸை முதலில் ஐ ஆம் இன்வின்சிபிளோடு சேர்த்தார்கள். 2020-இல் குட்டி உயிரில்லாமல் பிறந்தது. நாடே துக்கம் கேட்டது. பிறகு பியரோ என்ற பொலிகுதிரைக்கு 2022-இல் ஒரு பெட்டைக்குட்டி பிறந்து, 2024-இல் சிட்னி ஏலத்தில் 1 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர் வின்க்ஸின் உரிமையாளர்களில் ஒருவரே; கைமாறியது வீட்டுக்குள் என்றும் சொல்லலாம்.

1973-இல் அமெரிக்காவின் பெல்மாண்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் வென்ற செக்ரட்டேரியட்டும் இதற்குச் சாட்சி. அதன் மகன்களில் தகப்பனுக்கு நிகராக ஒன்று வரவில்லை, தோல்விப் பொலி என்றே சிலர் முடிவு கட்டினார்கள். மகள்களைப் பார்த்தால் கதை வேறு. ஏ.பி. இண்டியும் ஸ்டார்ம் கேட்டும் செக்ரட்டேரியட்டின் மகள் வயிற்றுப் பேரன்கள். அமெரிக்கக் குதிரை வளர்ப்பையே திருப்பிப் போட்ட இரண்டு பொலிகள். மகன் வழிப் பெயரை மட்டும் எழுதும் வம்சாவளியில் இது அடிக்குறிப்பாகத்தான் வரும்.

தரோபிரெட் பதிவேடே அப்படிப்பட்டது. இங்கிலாந்தில் 1793-இல் முதல் தொகுதி வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிழக்கிலிருந்து கொண்டுபோன மூன்று ஆண் குதிரைகளுக்குத்தான் எல்லா ஆண்வழியும் போய்ச் சேரும். அதிலும் 95 விழுக்காடு டார்லி அரேபியன் என்ற ஒன்றுக்கே என்று மரபணு ஆய்வு 2001-இல் சொன்னது. வட்டம் சுருங்குவது கண்டு பயந்த அமெரிக்கப் பதிவு அமைப்பு, ஒரு பொலிக்கு ஆண்டுக்கு 140 பெட்டை என்று 2020-இல் உச்சவரம்பு அறிவித்தது. பெரும்பண்ணைகள் நீதிமன்றம் போயின. 2022-இல் விதி வாபஸ்.

விழாக்களில் பேசப்படாத இன்னொன்று, தோற்ற குதிரைகள். பிறப்பவற்றில் மிகச் சிலவே வெல்லும். மீதி? 2019-இல் ஆஸ்திரேலியப் பொதுத்துறைத் தொலைக்காட்சி, பந்தயக் குதிரைகள் குயின்ஸ்லாந்தின் ஓர் இறைச்சிக்கூடத்தில் வெட்டப்படுவதைக் காட்டியபோது நாடு அதிர்ந்தது. அதிர்ச்சி எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் நாம் குதிரைப் பந்தயத்தை வேறு கோணத்தில்தான் பார்த்தோம். 1974-இல் தடைச் சட்டம் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அது சூதல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்றது. பந்தயத்தில் வீட்டை விற்றவர்களை நாம் பேசினோம். ஓடிய குதிரை என்ன ஆனது என்று கேட்டவர் குறைவு.

மேல் ஹன்டருக்கு இப்போது பெரிய எதிரி அதன் அடிநிலம். கறுப்பு மண்ணுக்குக் கீழே நிலக்கரி. கூல்மோர், டார்லி ஆகிய இரு பெரும் பண்ணைகளுக்கு அருகே டிரேட்டன் சவுத் என்ற திறந்தவெளிச் சுரங்கம் தோண்ட ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் விரும்பியது. தூசும் வெடியதிர்வும் வந்தால் பெட்டைகளை எவரும் அனுப்ப மாட்டார்கள், பண்ணையைக் காலி செய்ய நேரிடும் என்றார்கள் குதிரைக்காரர்கள். சுரங்கம் வராவிட்டால் வேலை போகும் என்றார்கள் நிலக்கரித் தொழிலாளர்கள். திட்டம் மீண்டும் மீண்டும் நிராகரிக்கப்பட்டு, 2017-இல் முடிவாகக் கைவிடப்பட்டது. அதோடு முடியவில்லை, நிலத்தை வேறொரு நிறுவனம் வாங்கி, மேலே தோண்டாமல் கீழே குடைந்து எடுக்கிறோம் என்று அனுமதியும் பெற்றுவிட்டது. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய தழும்பையும், ஜங்ஷனைத் தாண்டினால் தெரியும் வெள்ளைக்கல் குவாரிகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வழக்கின் இரண்டு பக்கமும் புரியும். அங்கே குதிரைக்குப் பின்னால் பணம் இருந்தது. ஆகவே சுரங்கம் இரண்டு அடி பின்வாங்கியது. ஆட்டுக்காரனுக்காக எந்தச் சுரங்கமும் பின்வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சேலத்திலிருந்து மேட்டூர், அம்மாபேட்டை வழியாகப் போகலாம். திப்பு காலத்திலிருந்தே நடக்கிறது என்று சொல்லப்படும் குதிரைச் சந்தை. மார்வாரி, கத்தியவாரி, மட்டம் என்று வரிசையாகக் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் குதிரையொன்றின் பக்கத்தில் நின்றதும் விற்பவர் ஆரம்பித்துவிட்டார். சுழி சுத்தம், நெற்றிச் சுழி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, இது நிற்கும் வீட்டில் தரித்திரம் அண்டாது. தகப்பன் ராஜஸ்தானிலிருந்து வந்த பெரிய பொலி. கைபேசியில் அதன் படத்தையும் காட்டினார். ஹன்டர் ஏலத்தில் தரும் பட்டியலிலும் குதிரையின் பக்கத்தில் முதலில் இருப்பது தகப்பன் பெயர்தான். ஆனால் அந்தப் பக்கத்தின் பெரும்பகுதி தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று கீழே இறங்கும்; அவர்கள் ஈன்றவற்றில் பெரிய பந்தயம் வென்றவற்றைத் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள். வாங்க வருபவர்கள் விரல்வைத்துப் படிப்பது அந்தப் பகுதியைத்தான்.

"இதன் தாய் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தருமபுரிப் பக்கம் இருக்கிறதுங்க. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும். அதைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணா?" என்றவர், பேச்சை மாற்றுவதற்காகக் குதிரையின் உதட்டைப் பிரித்துப் பல்லைக் காட்டினார். நான்கு பல் விழுந்து முளைத்திருந்தது. ஓரத்துப் பல் இன்னும் பால்பல்தான்.